பழைய டார்கெட் ஏர் ரைபிள்: எதை மாற்றலாம், எதை விடலாம், எப்படிச் சமப்படுத்தலாம்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்பொட்டு 0.5 மி.மீ. விட்டம் கொண்டது. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் நடு இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். முழுப் புள்ளிகளை மட்டும் எண்ணிய காலத்துக்கு இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. தசமப் புள்ளிகள் வந்தபின் அந்த 2.5 மி.மீ.யும் பத்துப் படிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகிறது. பெல்லட் நட்டநடுவில் விழுந்தால் 10.9. அறுபது சுடுகளுக்கு உச்சவரம்பு 654.0.

பல பத்தாண்டு பழைய ரைபிள் ஒன்றைப் போட்டிக்குத் தயார் செய்யலாமா என்ற கேள்விக்கு இந்த எண்களை வைத்துத்தான் விடை காண வேண்டும். ஜெர்மனியின் ஓபர்ண்டோர்ஃப் நகரத்து ஃபைன்வெர்க்பாவ், உல்ம் நகரத்து வால்டர், அன்ஷூட்ஸ், ராஷ்டாட் நகரத்து டயானா ஆகிய நிறுவனங்கள் 1960களிலிருந்து 1980கள் வரை செய்த போட்டி ரைபிள்களின் குழல்கள் இன்றும் பெரும்பாலும் தேயாமல் இருக்கின்றன. ஈயப் பெல்லட்டும் குறைந்த வேகமும் எஃகுக் குழலை எளிதில் தேய்ப்பதில்லை. சீல், சுருள்வில், சைட்டின் திருகு ஆகியவைதான் வயதால் கெடுகின்றன. வயதால் கெடாவிட்டாலும் காலத்துக்குப் பொருந்தாமல் போயிருப்பது ஸ்டாக். அன்றைய மரக்கட்டையில் உயரம், நீளம், சாய்வு எதையும் சுடுபவரின் உடலுக்கு ஏற்பத் திருத்த அதிக வழியில்லை.

ஆகவே வேலையின் வரிசை இப்படி அமைகிறது: முதலில் பழுது நீக்கம், அடுத்து உடலுக்குப் பொருத்தம், பிறகு சைட்டும் டிரிகரும், கடைசியாகச் சமநிலை. சமநிலை கடைசிக்குப் போவதற்குக் காரணம் உண்டு. தோளில் படும் பட் பிளேட்டை இரண்டு சென்டிமீட்டர் நீட்டினாலும், முன் சைட்டுக்கு ஒரு நீட்டுக்குழாய் பூட்டினாலும் எடைமையம் நகர்ந்துவிடும். முதலிலேயே எடை கட்டிச் சமப்படுத்தினால் அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இயக்கமுறை: நான்கு வகைகள்

பழைய டார்கெட் ரைபிள் எதுவானாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். இயக்கமுறையை மாற்ற முடியாது. ரைபிளை வாங்கும்போதே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியது இது.

முதல் வகை சுருள்வில்லும் பிஸ்டனும் கொண்டது. இதில் பின்னுதைப்பை அடக்குவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஃபைன்வெர்க்பாவ் 150, 300, 300எஸ் வரிசையில் குழலும் காற்றறையும் சைட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஸ்டாக்கின் மேலுள்ள தண்டவாளத்தில் பின்னால் சறுக்கும். ஸ்டாக் அசையாமல் தோளில் இருக்கும். உதைப்பு சறுக்கலிலேயே தீர்ந்துவிடும். டயானாவின் 60, 65, 66, 75 வரிசையில் கிஸ் முறை. ஒரு பிஸ்டன் முன்னால் பாயும்போது அதற்கு இணையான இன்னொரு பிஸ்டன் பின்னால் போய் உதைப்பை ஈடுசெய்கிறது. சறுக்கும் வகையைப் பிரித்துப் பூட்டுவது ஒப்பளவில் எளிது. கிஸ் முறையில் இரண்டு பிஸ்டன்களின் பற்களும் ஒரே நேரத்துக்கு இணங்கும்படி பூட்டப்பட வேண்டும். ஒரு பல் தவறினாலும் உதைப்பு திரும்பி வந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவர் கிஸ் ரைபிளைத் தொடாமலிருப்பது நல்லது.

இரண்டாம் வகை ஒரே இழுப்பில் காற்றை அழுத்திச் சேமிக்கும் நியூமேட்டிக். 1970களின் வால்டர் எல்ஜிஆர், 1980களின் ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை ஆகியவை இதன் அடையாளங்கள். சுடும்போது கனமான பிஸ்டன் எதுவும் பாய்வதில்லை. உதைப்பு மிகக் குறைவு. சுடும் ஒவ்வொரு முறையும் காற்றின் அளவு ஒன்றேயாதலால் வேகமும் சீராக இருக்கும். நெம்புகோலை இழுக்கும் உழைப்பு அதிகம் என்பதுதான் குறை. அறுபது சுடுகளும் முன்னோட்டச் சுடுகளும் சேர்ந்தால் நூறு இழுப்பைத் தொடும் நாளும் உண்டு. உடல் எடை குறைந்த இளையோருக்கு அந்தக் களைப்பு கடைசி இருபது சுடுகளில் தெரியும்.

மூன்றாம் வகை கரியமில வாயுக் குப்பி கொண்டது. இழுக்கும் உழைப்பு இல்லை. ஆனால் திரவ நிலையிலுள்ள வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பாராக இருப்பது அரங்கு சூடாகும்போது உயர்ந்து, பெல்லட் படும் இடமும் மேலே நகரும். குளிரூட்டப்பட்ட அரங்குக்கு ஒத்துவரும் ரைபிள், கூரைத் தகட்டுக்குக் கீழே நண்பகலில் ஒத்துவராமல் போகலாம். கரியமில வாயுக் குப்பியில் உயர் அழுத்தக் காற்றை நிரப்பிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. உற்பத்தியாளர் தந்த மாற்றுப் பாகங்கள் கிடைத்தால் மட்டுமே அந்த ரைபிளைக் காற்றுக்கு மாற்றலாம்.

நான்காம் வகை 1990களில் நிலைபெற்ற, 200 பார் அளவில் முன்பே நிரப்பப்பட்ட காற்றுக் குப்பி. இன்றைய உயர்நிலைப் போட்டிகளில் ஆளுவது இதுதான். பழைய குப்பி ரைபிள் மலிவாகக் கிடைத்தால் முதலில் குப்பியில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். குப்பிகளுக்குக் காலவரம்பு உண்டு. அந்தத் தேதி கடந்த குப்பியைப் போட்டிச் சோதனையில் ஏற்கமாட்டார்கள்; நிரப்புவதும் ஆபத்து. புதுக் குப்பியின் விலையையும் சேர்த்தால் சில மலிவுகள் மலிவல்ல.

பயிற்சிக்கும் மாவட்ட நிலைப் போட்டிக்கும் பழையதொன்றை வாங்குபவருக்கு இவற்றில் ஒரே இழுப்பு நியூமேட்டிக் நடுநிலையான தேர்வு. குப்பியும் நிரப்பு பம்பும் தேவையில்லை. பராமரிப்பு பெரும்பாலும் சீல்களோடு முடியும். நிதானமும் பொறுமையும் பழகிக்கொள்ள விரும்புபவருக்குச் சறுக்கும் 300எஸ் நல்ல ஆசான். சுட்டபின் குழலின் வாயை பெல்லட் கடக்கும் நேரம் இதில் சற்றே அதிகமாதலால், சுட்டபிறகும் இலக்கைவிட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் இல்லாதவரை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

முதலில் பழுது நீக்கம்

பழைய ரைபிளின் வேகம் ஒரு சுடுக்கும் அடுத்ததற்கும் மாறுகிறதா என்பதைக் குரோனோகிராஃப் என்னும் வேகமானியில் பார்க்க வேண்டும். டார்கெட் ஏர் ரைபிள்களின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 170 மீட்டரைச் சுற்றியே இருக்கும். சராசரி கொஞ்சம் குறைந்திருந்தால் கவலையில்லை. அடுத்தடுத்த சுடுகள் ஏறியும் இறங்கியும் நின்றால் சீல் கெட்டிருக்கிறது.

ஃபைன்வெர்க்பாவ் 300 வரிசையில் பிஸ்டனைச் சுற்றி இருப்பது உலோக வளையம். அது எளிதில் கெடாது. ஆனால் காற்றறையின் முன்னுள்ள தாங்கு சீலும் குழலின் பின்வாய் சீலும் செயற்கைப் பொருளாலானவை. ஆண்டுகள் போனால் அவை பிசுபிசுத்தோ பொடியாகவோ உதிரும். குழலிலிருந்து சிறு துணுக்குகள் வந்தால் அதுதான் அறிகுறி. ஒரே இழுப்பு வகையில் சோதனை வேறு. காற்றை அழுத்திய பிறகு சில விநாடி பொறுத்துச் சுட்டும், உடனே சுட்டும் வேகத்தை ஒப்பிட்டால் கசிவு தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் மிதமே நலம். சுருள்வில் ரைபிளின் காற்றறையில் பெட்ரோலிய எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் அது தீப்பிடித்து வேகத்தைச் சிதைக்கும், சீலும் போகும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட கிரீஸை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் தொட்டுவிட்டாற்போல் பூசினால் போதும். சுருள்வில்லைக் கழற்றும்போது அதன் அழுத்தம் வெளியே பாயாமல் பிடிக்கும் கருவி கட்டாயம் தேவை. சுருள்வில் ரைபிளில் பெல்லட் வைக்கும்போது நெம்புகோலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும். பூட்டு தேய்ந்த பழைய ரைபிளில் நெம்புகோல் திடீரென்று திரும்பினால் விரல் நசுங்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் இந்த வகைக்கு ஆகாது.

ஸ்டாக்: மூன்று வழிகள்

நின்று சுடும் நிலையில் ரைபிள் உடலைத் தொடுமிடங்கள் நான்கு: தோள், கன்னம், பிடிக்கும் கை, தாங்கும் கை. இந்த நான்கும் ஒவ்வொரு சுடுக்கும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். பழைய ஸ்டாக்கில் அது நடக்காதபோது முன்னிருக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, இருக்கும் கட்டையைத் தொடாமல் கூட்டுப் பாகங்களைப் பூட்டுவது. தாங்கும் கைக்கு உயரம் போதவில்லை என்றால் முன்கட்டைக்குக் கீழே உயர்த்துக்கட்டை வைக்கலாம். முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியும் ரைபிள் கண்மட்டத்துக்கு எட்டவில்லை என்றால் இது அவசியம். பட் பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் தகடு வைத்து நீளம் கூட்டலாம். கன்னத்துக்கு உயரம் வேண்டுமானால் கட்டையின் மேல் பட்டை ஒட்டலாம். செலவு மிகக் குறைவு, எல்லாம் கழற்றக்கூடியது. ஆனால் திருத்தத்தின் எல்லை குறுகலானது.

இரண்டாவது, கட்டையை வெட்டித் திருத்துவது. கன்னம் படும் மேற்பகுதியை அறுத்து இரண்டு உலோகத் தண்டுகளின்மேல் ஏற்றினால் அது ஏறி இறங்கும் கன்னத்தாங்கியாகிவிடும். பின்புறத்தில் தண்டவாளம் பதித்து, ஏறி இறங்கி, சாய்ந்து திரும்பும் பட் பிளேட் பூட்டலாம். கைப்பிடியைச் செதுக்கியும் மரப்புட்டி இட்டும் விரல் படியும் வடிவுக்குக் கொண்டுவரலாம். நல்ல தச்சர் கையிலிருந்தால் பொருத்தம் புது ரைபிளுக்கு நிகராகும். ஆனால் ஒருமுறை அறுத்த கட்டை பழைய நிலைக்குத் திரும்பாது. சேகரிப்பாளர் விரும்பும் ரைபிளின் விலையும் அத்தோடு இறங்கும். ஆகவே அறுக்குமுன் முதல் வழியில் தற்காலிகப் பட்டைகள் ஒட்டி, சில வாரம் சுட்டு, உயரமும் நீளமும் இதுதான் என்று உறுதியான பிறகே அறுக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்டாக்கையே மாற்றுவது. அலுமினியத்தாலான நவீன ஸ்டாக்கில் கைப்பிடி முதல் பட் பிளேட் வரை எல்லாவற்றையும் தனித்தனியே திருகி நகர்த்தலாம். பழைய ரைபிளுக்கு ஏற்ற ஸ்டாக் கிடைப்பதுதான் சிக்கல். பிற்கால நியூமேட்டிக் வகைகளுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. 300எஸ் போன்ற சறுக்கும் வகைக்கு ஸ்டாக்கிலேயே தண்டவாளம் தேவை என்பதால் பொது ஸ்டாக் எதுவும் பொருந்தாது. அதைத் தனியே செய்விக்கிறவர், சறுக்கும்போது குழலும் நெம்புகோலும் கட்டையில் எங்கும் உரசாதபடி இடைவெளி விட்டாக வேண்டும். காகிதத் துண்டை அந்த இடைவெளியில் நுழைத்து நகர்த்திப் பார்த்தால் உரசல் தெரிந்துவிடும்.

மூன்றிலும் பொருத்தத்தைச் சரிபார்க்கும் முறை ஒன்றே. கண்ணை மூடி ரைபிளை உயர்த்தி நிலைக்கு வந்து, மூச்சுவிட்டுத் தளர்ந்தபின் கண்ணைத் திறக்க வேண்டும். சைட் தானாகவே கண்ணெதிரே இருந்தால் கன்னத்தாங்கி சரி. தலையைத் தாழ்த்தியோ கழுத்தை நீட்டியோ தேட வேண்டியிருந்தால் சரியில்லை. தலையை ரைபிளிடம் கொண்டுபோவதைவிட ரைபிளைத் தலைக்குக் கொண்டுவருவதே நல்லது. தலை நிமிர்ந்தே இருந்தால் உடல் சமநிலையைக் காக்கும் உட்செவியின் உணர்வு தடுமாறாது.

சைட்: உயரம், வளையம், நீளம்

பின்சைட்டான டயாப்டரில் வயதால் வரும் குறை திருகின் தொய்வு. சோதிப்பது எளிது. ரைபிளை மென்மையான மணல் பையின்மேல் வைத்து மூன்று சுடு. பின் மேலே பத்து கிளிக், வலம் பத்து, கீழே பத்து, இடம் பத்து என்று சதுரமாகச் சுற்றி வந்து மறுபடி மூன்று சுடு. கடைசி மூன்றும் முதல் மூன்றின்மேல் விழாவிட்டால் திருகு நம்பத்தக்கதல்ல. தொய்வு குறைவாக இருந்தால் எப்போதும் ஒரே திசையில் திருகி முடிக்கும் பழக்கத்தால் சமாளிக்கலாம். அதிகமானால் புது டயாப்டர் வாங்குவதே வழி. பழைய ரைபிள்களின் மேல்தளத்தில் பெரும்பாலும் 11 மி.மீ. பள்ளம் இருப்பதால் பிற நிறுவனத்தாரின் டயாப்டரும் உட்காரும்.

முன்சைட்டின் வளைய அளவைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கலாம். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கண்ணிலிருந்து முன்சைட் 90 செ.மீ. தூரத்திலும் இலக்கு 10 மீட்டரிலும் இருந்தால், கறுப்பு வட்டம் முன்சைட்டின் இடத்தில் 30.5 × 0.9 ÷ 10, அதாவது சுமார் 2.7 மி.மீ. அளவாகத் தோன்றும். வளையத்தின் உள்விட்டம் அதைவிடத் தாராளமாகப் பெரிதாக இருந்தால்தான் சுற்றிலும் வெள்ளைக்கோடு தெரியும். 3.6 முதல் 4.4 மி.மீ. வரையுள்ளவை அதனால்தான் வழக்கத்தில் உள்ளன. இறுக்கமான வளையம் ஊசலாட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டி, நேரம் பார்த்து டிரிகரைத் தட்டும் கெட்ட பழக்கத்தை வளர்க்கும். ஊசலாட்டம் அதிகமுள்ள தொடக்கநிலைச் சுடுநருக்குப் பெரிய வளையமே ஏற்றது.

உயர்த்துக்கட்டை வைத்துச் சைட்டை மேலேற்றினால் தலை நிமிரும். முன்பின் இரண்டையும் ஒரே அளவு உயர்த்த வேண்டும். முன்சைட்டை நீட்டுக்குழாயில் தள்ளிவைத்தால் சைட்டுகளுக்கிடையேயான தூரம் கூடிக் குறிபார்ப்பின் நுட்பம் வளரும்; குழலின் முனையில் எடையும் கூடும். நீண்ட குழலுடைய 300எஸ் போன்றவற்றில் அந்த நீட்டலுக்கு இடம் குறைவு. சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி இயக்கப் பகுதியின் பின்முனையிலிருந்து முன்முனை வரை 850 மி.மீ.யைத் தாண்டக்கூடாது.

டிரிகர்

ஐஎஸ்எஸ்எஃப் விதியில் ஏர் ரைபிள் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை வரம்பு கிடையாது. ஆனால் முன்கூட்டி இறுக்கிவைக்கும் செட் டிரிகர் கூடாது. பழைய போட்டி ரைபிள்களில் முதல் நிலையின் நீளம், எடை, இரண்டாம் நிலையின் எடை, நிறுத்தம் ஆகியவற்றைத் தனித்தனியே திருத்தலாம். பழைய பூட்டின் விளிம்பு தேய்ந்திருக்கலாம் என்பதால், புது ரைபிளில் வைக்கும் மிகக் குறைந்த எடையை இதில் வைப்பது அறிவல்ல. நூறு கிராமுக்கு அருகில் தொடங்குவது பாதுகாப்பானது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து ஸ்டாக்கை உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிலேயே வெடித்தால் இரண்டாம் நிலைக்கு எடை கூட்ட வேண்டும். பூட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்து மென்மையாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விட்டால் பாகமே போய்விடும். டிரிகரின் எடையைவிட டிரிகர் தகட்டின் இடம் முக்கியம். விரலின் முதல் கணு நேராக, ஸ்டாக்கை உரசாமல் பின்னால் அழுத்த வேண்டும்.

சமநிலை: எவ்வளவு எடை, எங்கே

சமநிலை என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று அளவுகள் இருக்கின்றன. மொத்த எடை, எடைமையம் இருக்கும் இடம், எடை மையத்திலிருந்து எவ்வளவு விரிந்து பரவியிருக்கிறது என்பது. மூன்றையும் தனித்தனியே பார்க்காமல் குழலின் முனையில் எடையைக் கட்டிக்கொண்டே போவதுதான் பரவலான தவறு.

மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது; சைட்டுகளும் துணைப் பாகங்களும் இதில் சேரும். வரம்பு வரை போவது கட்டாயமல்ல. அறுபது சுடு முழுக்க ஒரே போலத் தூக்கி நிற்க முடிகிற எடையே சரியான எடை. கடைசி இருபதில் ஊசலாட்டம் கூடினால் எடை அதிகம்.

எடைமையத்தைக் கண்டறிய, மேசையில் ஒரு வட்டக் குச்சியை வைத்து அதன்மேல் ரைபிளை நிறுத்திப் பார்த்தால் போதும். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். நின்று சுடும்போது தாங்கும் கையின் இடத்தோடு அதை ஒப்பிடலாம். எடைமையம் கைக்குச் சற்று முன்னால் இருந்தால் குழல் மெதுவாக, கனமாக நகரும். தோளில் பட் பிளேட் இறுக்கமாகப் பதியும். மிக முன்னால் போனால் முதுகும் இடத்தோளும் களைத்து, நீண்ட போட்டியில் குறி மெல்ல இறங்கும். கைக்குப் பின்னால் இருந்தால் குழல் துள்ளும். டிரிகர் விரலின் அசைவுகூட முனையில் தெரியும்.

எடைமையம் எவ்வளவு நகரும் என்பதை முன்பே கணக்கிடலாம். கூட்டும் எடையை எடைமையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, புதிய மொத்த எடையால் வகுக்க வேண்டும். ரைபிள் 4,700 கிராம். எடைமையத்துக்கு 55 செ.மீ. முன்னால் 150 கிராம் கட்டினால், 150 × 55 ÷ 4,850 = 1.7 செ.மீ. முன்னால் நகரும். அதோடு பின்கட்டையில் 40 செ.மீ. பின்னால் இன்னொரு 150 கிராம் வைத்தால், மொத்த நகர்வு 0.45 செ.மீ. ஆகக் குறையும். எடைமையம் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்க, மொத்த எடை மட்டும் 5,000 கிராமாகக் கூடும்.

மூன்றாவது அளவான பரவல்தான் ஊசலாட்டத்தை உண்மையில் மட்டுப்படுத்துவது. பாடநூலில் நிலைமத் திருப்புத்திறன் எனப்படுவது இதுவே. எடையின் பங்கு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 60 செ.மீ. தூரத்தில் கட்டிய 100 கிராம், 30 செ.மீ. தூரத்தில் கட்டிய 400 கிராமுக்கு ஈடாகக் குழலை நிதானப்படுத்தும். ஆனால் எடைமையத்தை நகர்த்தும் விசையில் முன்னது பின்னதில் பாதிதான். மொத்த எடையில் கூடுவதோ கால்பங்கு. ஆகவே குறைந்த எடையில் அதிக நிதானம் வேண்டுமென்றால் முனைகளுக்குப் போக வேண்டும். குழலின் முனையில் சிறிது, பட் பிளேட்டுக்கு அருகில் சிறிது. எடை அதிகம் வேண்டும், குழல் கனமாக நகர வேண்டாம் என்பவர் நடுவில் வைக்கலாம்.

எடைக்கட்டியின் பொருளும் தேர்வில் சேரும். எஃகு ஒரு கன செ.மீ.க்கு சுமார் 7.8 கிராம், பித்தளை 8.5, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. நூறு கிராம் எஃகு சுமார் 13 கன செ.மீ. இடம் பிடிக்கும், டங்ஸ்டனுக்கு 5 போதும். குழலைச் சுற்றிப் பூட்டும் எடைக்கு விலை குறைந்த எஃகோ பித்தளையோ ஏற்றது. ஸ்டாக்கின் சிறு குழிக்குள் ஒளிக்க டங்ஸ்டன் ஏற்றது. ஈயத்தை அரத்தால் தேய்த்தால் எழும் தூள் நஞ்சு. திறந்த நிலையில் கையில் படுமிடத்தில் வைக்கக்கூடாது. குழலின்மேல் பிடிக்கும் கிளாம்ப் ஒரே பக்கம் இறுக்கினால் குழலை நெளியவைக்கும். சுற்றிலும் ஒரே அழுத்தம் தரும் வளையமே சரி. பூட்டியபின் குறி மாறியிருக்கும் என்பதால் சைட்டை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

சறுக்கும் ரைபிளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழலில் கட்டிய எடை குழலோடு சேர்ந்து சறுக்கும்; ஸ்டாக்கில் வைத்த எடை சறுக்காது. நகரும் பகுதி கனத்தால் சறுக்கல் மெதுவாகும். மறுபடி முன்னால் பூட்டும் கொக்கிக்கும் உழைப்பு கூடும். ஆகவே 300எஸ் வகையில் முன்முனைக்கு மிதமாக மட்டும் எடை சேர்த்து, மீதியை முன்கட்டைக்குள் வைப்பது சரியான பங்கீடு. நியூமேட்டிக் ரைபிளில் இந்தக் கவலை இல்லை. குப்பி ரைபிளில் உள்ளேயிருக்கும் காற்றின் எடை சில பத்து கிராம்தான். போட்டி நடக்க நடக்க அது குறைவதால் எடைமையம் நகர்வது உணரத்தக்க அளவல்ல.

எடையை ஒரு பக்கமாக வைத்தால் ரைபிள் உருள முயலும். உருளலின் விலையும் கணக்கிடத்தக்கது. 10 மீட்டரில் பெல்லட் சுமார் 18 மி.மீ. கீழே விழுகிறது, சைட் அதை ஈடுசெய்கிறது. ரைபிள் ஒரு டிகிரி சாய்ந்தால் அந்த ஈட்டின் ஒரு பகுதி பக்கவாட்டுக்குத் திரும்பி 0.3 மி.மீ. விலகல் தரும். அது ஒரு தசமப் புள்ளிக்கு மேல். ஒவ்வொரு சுடுக்கும் சாய்வு ஒன்றாகவே இருந்தால் நட்டமில்லை, மாறினால்தான் நட்டம். எடையைக் குழலின் செங்குத்துத் தளத்திலேயே வைப்பதற்கு இதுவே காரணம்.

சோதிக்கும் ஒழுங்கு

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம்தான். பட் பிளேட்டையும் எடையையும் சேர்த்து மாற்றிப் புள்ளி கூடினால், எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பும் பின்பும் எண்ணிக்கை எழுதிவைக்க வேண்டும். எடைக்கட்டியின் இடம் குழல்முனையிலிருந்து எத்தனை மி.மீ., கன்னத்தாங்கியின் உயரம் எத்தனை என்று பென்சிலால் குறித்தால் பழைய நிலைக்குத் திரும்புவது எளிது.

பெல்லட்டையும் ரைபிளோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வகையிலேயே தலைவிட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும், எடை பெரும்பாலும் 0.50 முதல் 0.54 கிராம். ஒரே தொகுதியிலிருந்து பத்துப் பத்தாக, மணல் பைமேல் வைத்துச் சுட்டு, எந்தத் தலைவிட்டம் நெருக்கமாகக் கூடுகிறது என்று பார்த்தால் போதும். சறுக்கும் ரைபிளை இறுக்கமான வைஸில் கட்டிச் சோதித்தால் சறுக்கல் தடைபட்டுத் தவறான முடிவு வரும்.

சமநிலைக்கான சோதனை மணல் பைமேல் நடக்காது. நின்றுதான் சுட வேண்டும். ஒரு சீரிஸ் நன்றாக வந்ததால் முடிவுக்கு வரக்கூடாது. நல்ல நாளும் கெட்ட நாளும் எடைக்கட்டியைவிடப் பெரிய வேறுபாடு தரும். ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு நாட்களில் குறைந்தது நான்கு சீரிஸ் சுட்டு, சராசரியோடு கடைசி இருபதின் புள்ளியையும் தனியே பார்க்க வேண்டும். ஸ்காட் போன்ற மின்னணுக் குறிகாட்டி கிடைத்தால் குறி நகரும் தடத்திலேயே வேறுபாடு தெரியும். கிடைக்காதபோது சுடுமுன் கடைசி மூன்று விநாடியில் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் எவ்வளவு அலைகிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டாலும் பயன் உண்டு.

போட்டிக்கு முன் நடப்பு விதிநூலை வைத்துக் கைப்பிடியின் தாழ்வு, பட் பிளேட்டின் வளைவு, எடைக்கட்டி குழலிலிருந்து விலகும் தூரம், கன்னத்தாங்கியின் பக்கவாட்டு நீட்சி ஆகியவற்றை அளந்துவிட வேண்டும். வெட்டித் திருத்திய மரக்கட்டைகள்தான் பெரும்பாலும் இந்தச் சோதனையில் சிக்குகின்றன.

யாருக்கு எது

முதல் ஆண்டுப் பயிற்சியில் இருப்பவர்: ஒரே இழுப்பு நியூமேட்டிக் அல்லது நல்ல நிலையிலுள்ள சுருள்வில் ரைபிள், சீல் புதிது, கழற்றக்கூடிய கூட்டுப் பாகங்கள், பெரிய முன்வளையம். எடைக்கட்டி இப்போது வேண்டாம். சுடும் நிலை இன்னும் மாறிக்கொண்டிருக்கும்.

நிலை உறுதிப்பட்டு, மாவட்ட, மாநிலப் போட்டிக்குப் போகிறவர்: ஏறி இறங்கும் கன்னத்தாங்கியும் பட் பிளேட்டும் கொண்ட திருத்தம், நம்பத்தக்க டயாப்டர், அதன்பிறகு முன்னும் பின்னும் சிறு எடைகளால் சமநிலை.

சேகரிப்பு மதிப்புள்ள, கீறலில்லாத பழைய ரைபிள் வைத்திருப்பவர்: சீல் மாற்றி, கழற்றக்கூடியவை மட்டும் பூட்டி, கட்டையை அறுக்காமல் வைத்துக்கொள்வதே உத்தமம். போட்டிக்குத் தேவைப்படும் திருத்தங்களுக்கு அடிபட்ட இன்னொரு ரைபிளை வாங்கிக்கொள்ளலாம்.

தேசிய அளவில் தசமப் புள்ளிக்குப் போராடுகிறவர்: பழைய ரைபிளில் செய்யும் எல்லாத் திருத்தங்களின் செலவையும் கூட்டிப் பார்த்து, பயன்படுத்திய நவீன குப்பி ரைபிளின் விலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் நெருங்கினால் திருத்தத்தை நிறுத்திவிடலாம். அதுவரை பழைய ரைபிளில் செய்த பொருத்தத்தின் அளவுகளை எழுதிவைத்திருந்தால், நீளம், உயரம், சாய்வு, எடைமையத்தின் இடம் எல்லாவற்றையும் புது ரைபிளுக்கு அப்படியே எடுத்துச் செல்லலாம்.